தடுப்பணையில் தங்கிய மண்

லாரி இன்னும் வரவில்லை. மேஸ்திரி ஓடைக் கரையில் ஏறி நின்று சாலையைப் பார்ப்பதும், இறங்கி வந்து சுவரைப் பார்ப்பதுமாக இருந்தான். கீழே ஓடைக்குள் வரிசையாக நின்று கல்லைக் கை மாற்றிக்கொண்டிருந்த ஆட்களுக்கு இப்போது மாற்றுவதற்குக் கல் இல்லை. சிலர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். தடுப்பணை இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. இரண்டு பக்கப் பாறையிலும் பொறியாளர் பெயிண்டால் இழுத்துவிட்டுப் போயிருந்த சிவப்புக் கோடு அதற்கு மேலே, நெஞ்சு உயரத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் மண், நீர் பாதுகாப்புக் குழு பார்வையிட வருகிறது. குழு வந்தால் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். சுவர் கோட்டைத் தொட்டிருந்தால் கையெழுத்து. தொடவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு மிச்சப் பணத்தை வேறு ஓடைக்கு மாற்றிவிடுவார்கள். ஆட்களுக்கு வேலை போகும், மேஸ்திரிக்கு மேஸ்திரி வேலையே போகும். சுவர் எதற்கு, மேலே சரிவில் யாருடைய மண் எப்படிக் கரைகிறது என்றெல்லாம் பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம்? ஒரே காலையில் இன்னும் நாலைந்து ஓடைகளைப் பார்த்தாக வேண்டும்.

"மூஞ்சிய எதுக்குடா இப்படித் தொங்கப்போட்டுட்டு நிக்கற? லாரிக்காரன் உன் மாமனாரா, மரியாதைக்குக் காத்துட்டு இருக்க?" என்றாள் வாயாடி.

அவள் மேஸ்திரியின் அக்கா. வாயாடி என்பது ஊர் வைத்த பெயர். கல் சுமக்கும்போதும் பேசுவாள், சோறு தின்னும்போதும் பேசுவாள். அவள் வேலைக்கு வராத நாளில் பொழுது போகவில்லை என்று மற்றப் பெண்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். சுவரின் மேல் உட்கார்ந்து கடைசிக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். யார் எதற்குக் கத்தினாலும் "பொறுமை, பொறுமை" என்பான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

"லாரி வராதுக்கா. குவாரியில வண்டி ரிப்பேராம். ரெண்டு நாளாகுமாம்" என்றான் மேஸ்திரி. "அவ்வளவுதான். நம்ம கதை முடிஞ்சுது."

அவன் குரல் உடைந்ததை அவள் கேட்டாள். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மேஸ்திரி ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியாக அவன் மனைவி வீட்டில் இருக்கிறாள். வாயாடி நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். ஓடைக்கு நேர் மேலே சரிவில் அவளும் புருஷனும் பயிர் செய்யும் நிலம். நிலத்தின் கீழ் ஓரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கல்வரப்பு.

"நம்ம வரப்புல கல்லு இல்லையா என்ன?" என்றாள்.

சுவரின் மேலிருந்தவன் கையை நிறுத்தினான். "அது வரப்பு."

"வரப்புதான். யாரு இல்லைன்னா? கடனாக் கொடுப்போம். லாரி வந்ததும் திரும்ப அடுக்கிக்கலாம்."

"நடுவுல மழை வந்தா?"

"வானத்தைப் பாருய்யா. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. மழைக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு."

"பொறுமையா யோசி."

"நீ பொறுமையா யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் தம்பி தெருவுல நிப்பான்."

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "வேணாம்க்கா, மாமாவுக்கு இஷ்டமில்ல" என்றான். ஆனால் அவன் கண் மேட்டின் மேலேயே இருந்தது.

பொறுமை இறங்கி வந்து கையிலிருந்த தூசியைத் தட்டினான். "லாரி வந்ததும் முதல் வேலை அதுதான், மாப்ள. சொல்லிட்டேன்" என்றான்.

அந்த வரப்பை வேலையில்லாத நாட்களிலெல்லாம் கட்டியவன் அவன். கல்யாணமான புதிதில் அந்தச் சரிவில் முள்ளும் சரளையும்தான் இருந்தன. எவன் எடுத்துக்கொண்டாலும் சரி என்று ஊர் விட்டிருந்த இடம். வரப்பு எழும்ப எழும்ப, மேலிருந்து வரும் மண் அதற்குப் பின்னால் தங்கியது. ஓடையில் ஒதுங்கிய வண்டலை அவள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். வருஷக்கணக்கில் சேர்த்த மண். இப்போது முழங்கை ஆழத்துக்குக் கருமண் இருந்தது. வருஷத்தில் பாதி அவர்கள் வீட்டு அடுப்பு அந்த நிலத்தால்தான் எரிந்தது. மீதிப் பாதிக்குத்தான் கூலி.

சாயங்காலத்துக்குள் வரப்பு ஓடைக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் வரிசையாக நின்று கை மாற்றினார்கள். வாயாடிதான் தலைமை. "மெல்ல, மெல்ல, இரவல் நகை, கீறல் விழாமத் திருப்பி வாங்கணும்" என்று ஒவ்வொருவரையும் சீண்டினாள். அடிவரிசைக்கு வந்தபோது பொறுமை அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டான். "இது இருக்கட்டும்" என்றான். அதை மட்டும் யாரும் தொடவில்லை. கோட்டைத் தொட அது தேவைப்படவும் இல்லை.

காலையில் குழு வந்தது. தலைவர் கரையிலேயே குடையின் கீழ் நின்றுகொண்டார். அவருக்கு முழங்கால் வலி. உறுப்பினர்களில், அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருந்த ஆலைக்காரர் மட்டும் இறங்கி வந்து, மாடு வாங்க வந்தவர் மாதிரி சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். பொறியாளர் கோட்டைப் பார்த்தார். "தொட்டிருக்கு" என்றார். கரையிலேயே கையெழுத்து நடந்தது, தேநீர் வந்தது. தலைவர் மேஸ்திரியின் தோளில் கை வைத்து, சொன்ன நாளில் முடிக்கிற ஆள் இந்தக் காலத்தில் கிடைப்பதில்லை என்றார். வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடைக்குள் நின்று, "அது என் தம்பி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளுக்கு அது தெரியாதா?

லாரி வரத்தான் செய்தது. அது சாலையோரத்திலேயே கல்லைக் கொட்டிவிட்டுப் போனது. மறுநாள் வாயாடியும் பொறுமையும் கூடையோடு போனபோது, கொத்தனார் ஒருவர் அந்தக் கல்லில் மேடை கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தான்.

"பேர்ப்பலகைக்காம்" என்றான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "குழுவுல தீர்மானம் போட்டுட்டாங்க. தலைவர் பேரு, உறுப்பினருங்க பேரெல்லாம் வருதாம்."

"நம்ம கல்லுன்னு சொல்ல வேண்டியதுதானடா?"

"எப்படிக்கா சொல்றது? குவாரிக்கல்லுன்னுதான் கணக்குல இருக்கு. அப்ப அணைக்கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. கல்லு வராம சுவர் எப்படி எழும்பிச்சும்பாங்க. சொன்னா நான் மாட்டிக்குவேன், அணையும் மாட்டிக்கும்."

"அப்ப அணையிலேர்ந்து எடுத்துக்கறோம்."

"அது இப்போ குழுவோட அணைக்கா. ஒரு கல்ல உருவினாலும் கேஸு." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அடுத்த லோடு வரும். என் தலையை அடமானம் வெச்சாவது கொண்டு வந்து போடறேன்."

பொறுமை கூடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். அவன் அன்று அவளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விதைக்கும் பருவத்தைத் தள்ளிப்போட முடியாது. அடிவரிசைக் கல்லுக்குப் பின்னால் மண்ணைக் கூட்டி, முள்கிளைகளைப் போட்டு மிதித்து, இருந்ததை வைத்து ஒரு தடுப்புப் போட்டுவிட்டு அவரைக்கொட்டை விதைத்தார்கள். விதை போடும்போதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் திரும்பி வானத்தைப் பார்த்தாள்.

அடுத்த லோடுக்கு முன்னால் மழை வந்தது. பருவத்தில் வர வேண்டிய மழை இல்லை அது. மத்தியான வேளையில் மேற்கே கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிவில் இறங்கிவிட்டது. இருவரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். நிலத்தின் மேல் ஓரத்திலிருந்து தண்ணீர் செந்நிறமாக வந்து, நடுவில் கறுப்பாகி, முள்கிளைகளைத் தூக்கி எறிந்துவிட்டு அடிவரிசையைத் தாண்டிக் குதித்தது. உடைந்த இடத்தில் அவள் கோணியைப் போட்டாள். கோணி போய்விட்டது. பொறுமை கல்லோடு கல்லாக அங்கே படுத்து முதுகைக் கொடுத்தான். தண்ணீர் அவனுக்கு மேலே ஏறிப் போனது. "எழுந்திருய்யா, மூச்சு முட்டும்" என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் எழுந்தான்.

மழை விட்ட பின் வெயில் அடித்தது. நிலம் வழித்துத் தின்ற தட்டு மாதிரி கிடந்தது. பல இடங்களில் பாறை தெரிந்தது. அவள் அதன் நடுவில் உட்கார்ந்தாள்.

"நான்தான்யா சொன்னேன்" என்றாள். "கடனாக் கொடுப்போம்னு நான்தான் வாயைத் தொறந்தேன்."

"விடு" என்றான் அவன். காதுக்குள் போயிருந்த சேற்றை விரலால் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் குழு மறுபடியும் வந்தது. இந்த முறை தலைவரும் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் ஓடைக்குள் இறங்கினார். தடுப்பணைக்குப் பின்னால், முன்பு பள்ளமாக இருந்த இடம் முழுக்க, சமமாகக் கருமண் படிந்து கிடந்தது. பொறியாளர் ஒரு கம்பியைச் செருகினார். கம்பி போய்க்கொண்டே இருந்தது.

"ஒரே மழையில இவ்வளவு பிடிச்சிருக்கு சார். நான் வேற எங்கயும் இப்படிப் பார்த்ததில்ல."

தலைவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் புகைப்படத்துக்கு நின்றார். "தங்கம் மாதிரி இருக்கே" என்றார். ஆலைக்காரர் விரலால் நசுக்கிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

கரையில் நின்ற ஆட்களுக்கு நடுவிலிருந்து வாயாடி இறங்கி வந்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"அது எங்க நிலத்து மண்ணுங்க" என்றாள்.

தலைவர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சிரித்தார். "எல்லார் நிலத்து மண்ணும்தாம்மா. அது ஆத்தோட போயிடக் கூடாதுன்னுதானே இத்தனை பேரு பாடுபடறோம்."

"எந்த நிலம் உங்களோடது?" என்று பொறியாளர் கேட்டார். அவள் கையைக் காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "கீழ வரப்பே இல்லையேம்மா?"

"இருந்துச்சு."

"இருந்தா எங்க போச்சு?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரில், அவன் முழங்கைக்குப் பக்கத்தில், அவள் புருஷன் உளி வைத்து மூலை தட்டிய கல் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கல்லும் அவர்களுடையதுதான்.

"தெரியலங்க" என்றாள்.

"பாருங்க சார்" என்றார் பொறியாளர் தலைவரிடம். "நாம கீழ என்ன கட்டினாலும் மேல இருக்கறவங்க பராமரிக்கறதில்ல."

"எச்சரிக்கை கொடுக்கணும்" என்றார் தலைவர். "தீர்மானத்துல சேர்த்துக்குங்க."

அங்கேயே இன்னொன்றும் முடிவானது. படிந்த மண்ணை அள்ளினால்தான் அணையில் தண்ணீர் நிற்கும். அள்ளிய மண், அணையால் பயன்பெறும் நிலங்களுக்குப் போக வேண்டும். பயன்பெறும் நிலம் என்றால் அணைக்குக் கீழே இருக்கும் நிலம். முதலில் ஆலைக்காரர் தோட்டம்.

பொறுமை வீட்டில் படுத்திருந்தான். மழையில் படுத்ததிலிருந்து அவனுக்கு இருமல் நிற்கவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "மாப்ளய காட்டிக் குடுக்காம இருந்தியே, அது போதும்" என்றான். அவள் அழுதாள். அவன் முதுகைத் தடவிவிட்டபடியே அழுதாள்.

மறுநாள் மேஸ்திரி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மண்ணு அள்ற வேலை ஆரம்பிக்குதுக்கா. ஆள் எடுக்கச் சொல்லியிருக்காங்க. உன் பேரை முதல்ல போட்டிருக்கேன்." தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னால ஆனது இதுதான்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே மாதிரி நின்றான். திட்ட வாய் வரவில்லை. வீட்டில் மருந்துக்கும் வழியில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

ஓடைக்குள் ஆலைக்காரரின் டிராக்டர் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. படிந்த மண்ணில் ஈரம் போகவில்லை. அதன் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு ஓரிடத்தில் கொத்தாக, அவரைச் செடி முளைத்திருந்தது. இரண்டிரண்டு இலை. தண்ணீர் கொண்டுவந்து போட்ட இடத்திலேயே, யாரையும் கேட்காமல், நன்றாகவே முளைத்திருந்தது. பெண்கள் அதைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

டிராக்டர் ஓட்டி மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "அந்தக் களையெல்லாம் புடுங்கிட்டு அள்ளுங்கம்மா. ஐயா தோட்டத்துல களை வரக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

வாயாடி குந்தி உட்கார்ந்தாள். ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வேரோடு ஒரு பிடி கருமண் ஒட்டி வந்தது. நிலத்தில் களை எடுக்கும்போது எப்போதும் செய்வதுபோல், ஒரு துளி மண்ணும் வீணாகாமல், வேரைக் கூடைக்குள் தட்டித் தட்டி உதறினாள். செடியைப் பக்கத்தில் போட்டாள். அடுத்த செடியைப் பிடித்தாள்.