ஊதாத இரண்டு விசில்

கால்பந்து நடுவராக இருக்கும் ஒரு பெண், பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தால் ஊருக்கு அதைவிட வசதியான கேலி வேறு கிடைக்குமா? இறுதியாட்டம் முடிந்த மறுநாள் காலை, அவள் கடை ஷட்டரைத் தூக்கும்போதே எதிர்வாசலில் நின்ற இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அக்கா, இவ்ளோ கண்ணாடிய வச்சிக்கிட்டு உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துக்கலையே."

அவள் திரும்பவில்லை. விளக்குகளைப் போட்டு, கவுண்டரைத் துடைத்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். அவர் நல்ல மனிதர், சண்டைக்கு மட்டும் பயந்தவர்.

"ஒரு வாரத்துக்கு உள்ளறையில லென்ஸ் வேலைய பாத்துக்கோம்மா. முன்னாடி நான் உக்காந்துக்கிறேன்."

"எதுக்கு சார்? நான் எதையாவது திருடிட்டேனா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலம்மா."

"அப்ப நான் இங்கேயே இருக்கேன்."

மதியத்துக்குள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று நினைத்திருந்த நாலைந்து பேர் கடைக்கு வந்துபோனார்கள். அதில் ஒருவர் பார்வை சோதிக்கும் பலகையைக் காட்டி, "கடைசி வரிசைய நீங்க படிங்க மேடம், பாப்போம்" என்றார். அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கடகடவென்று படித்தாள். "இப்ப நீங்க படிங்க" என்றாள். அவருக்கு நடு வரிசையே தண்ணீரில் எழுதியதுபோலத் தெரிந்தது. கேலி செய்ய வந்தவர் கண்ணாடிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போனார்.

விஷயம் கேலியோடு நின்றிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

நகரத்தில் வேலைக்காரர்களுக்கென்று ஒரு கால்பந்து லீக் உண்டு. பஸ் டிப்போ, அச்சகம், மாவு மில், குளிர்பதனக் கிடங்கு என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அணி. இந்த வருடம் இறுதிக்கு வந்தவை டிப்போவும் கிடங்கும். அவள் கணவன் டிப்போவில் டிரைவர். அணியில் ஆடுகிறவன் இல்லை, ஆனால் ஒரு ஆட்டம் விடாமல் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவன். அதனால் இறுதியாட்டம் தனக்கு வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் ஊதவேண்டிய நடுவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். தகுதி பெற்ற வேறு ஆள் இல்லை. இரண்டு கேப்டன்களையும் கேட்டார்கள். கிடங்குக்காரர் யோசித்துச் சரி என்றார். டிப்போ கேப்டன் யோசிக்கவே இல்லை. அவன் மெக்கானிக், எல்லோருக்கும் அவன் ஸ்பேனர்.

"நம்ம அண்ணிதானே, ஊதட்டும்" என்று சொல்லிக் கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "மைதானத்துல நான் யாருக்கும் அண்ணி இல்ல" என்று அங்கேயே சொன்னாள். அவன் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான்.

ஆட்டத்தில் கிடங்கு ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. கடைசி நிமிடங்களில் டிப்போ உயிரைக் கொடுத்து முட்டியது. மின்னல் என்று பெயரெடுத்த கண்டக்டர் பையன் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் பந்தோடு பாய்ந்தான், குப்புற விழுந்தான். பார்வையாளர் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. அவள் கைகளை முன்னால் வீசி, ஆட்டம் தொடரட்டும் என்று காட்டினாள். அடுத்த மூச்சில் இன்னொன்று. மூலையிலிருந்து வந்த பந்து கூட்டத்துக்குள் விழுந்து எதிலோ பட்டு வெளியே தெறித்தது. "கை, கை" என்று டிப்போ ஆட்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். அவள் கோட்டு நடுவரைப் பார்த்தாள். அவர் கொடி அசையவில்லை. அவளும் ஊதவில்லை. கொஞ்ச நேரத்தில் முடிவு விசிலை ஊதினாள். கோப்பை கிடங்குக்குப் போனது.

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. கணவன் கோபப்படவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், போட்டதைச் சாப்பிட்டான். டிப்போவில் அவனை வறுத்தெடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். "வீட்டுக்குள்ளயே எதிரிய வச்சிருக்கியேப்பா" என்று ஷிப்டு மாறும்போதெல்லாம் யாராவது சொல்வதாகப் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து சொன்னாள். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவனே வாயைத் திறந்தான்.

"ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"நான் டிப்போக்காரன்ங்கிறதாலதான் ஊதலையா? புருஷனுக்குச் சாதகம் பண்ணிட்டாள்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு?"

அவள் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள். ஊர் சொன்ன எதுவும் அவளைக் குத்தவில்லை, இது குத்தியது. காரணம், இதே கேள்வியை அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும்போதும் குளிக்கும்போதும் அந்த இரண்டு கணங்களை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். விசிலை ஊதாமல் விட்டபோது கணவன் முகம் நினைவுக்கு வந்ததா? வரவில்லை. பந்தும் கால்களும் தவிர எதுவுமே நினைவில் இல்லை.

"இல்ல. மின்னல் விழுந்ததைப் பாத்தேன், அது ஃபவுல் இல்ல. ரெண்டாவதுல எதையும் பாக்கல. பாக்காததை எப்படி ஊதறது?"

"ஊர்ல எல்லாரும் பாத்திருக்காங்க."

"அவங்க கையில விசில் இல்ல."

அவன் மீதித் துணியை எடுத்து மடித்தான்.

மறுநாள் லீக் செயலாளர் கடைக்கு வந்தார். ஃபிரேம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் மாட்டிக் கழற்றிக்கொண்டே பேசினார். யாரோ போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம். டிப்போ நிர்வாகம் கொதிக்கிறதாம். மைதானம் டிப்போவுடையது, அவர்கள் கைவிட்டால் லீக் நடுத்தெருவில் நிற்கும்.

"ஞாயித்துக்கிழமை டிப்போ ஓய்வறையில கூட்டம் வச்சிருக்கோம்மா. வீடியோவ போடுவாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். வெயில் கண்ணுல அடிச்சுது, ரெண்டும் சரியா தெரியலைன்னு. மறு ஆட்டம் வச்சிடலாம். எல்லாருக்கும் சந்தோஷம்."

"கிடங்குக்காரங்களுக்குமா?"

செயலாளர் மூக்கிலிருந்த ஃபிரேமைக் கழற்றினார்.

"வெயில் எனக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு சார்" என்றாள். "கூட்டத்துக்கு வரேன். ஆனா நீங்க சொல்லித் தர்றதைச் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஓய்வறையில் நிற்க இடமில்லை. காக்கிச் சட்டைகள் ஒரு பக்கம், கிடங்கின் நீலச் சட்டைகள் ஒரு பக்கம். கணவன் காக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான், அவள் எதிர்பார்த்ததுதான். அவளுக்கென்று டிவி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

முதல் வீடியோ ஓடியது. மின்னல் விழுந்ததும் காக்கிப் பக்கம் கொந்தளித்தது.

"மெதுவா ஓட்டுங்க" என்றாள் அவள். "அவங்க கால்களை மட்டும் பாருங்க."

மெதுவாக ஓட்டினார்கள். தடுக்க வந்தவனின் கால் இன்னும் வந்து சேரவே இல்லை. அதற்குள் மின்னலின் பாதம் பந்தின் மேல் ஏறிச் சறுக்கியது. இன்னொரு முறை போடச் சொல்லி ஸ்பேனர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான்.

"உரசியிருக்கு" என்றான்.

"விழுந்ததுக்கு அப்புறம் உரசியிருக்கு" என்றாள். "இதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். நாளைக்கு இதே ஆட்டத்தை மறுபடி வச்சாலும் ஊத மாட்டேன்."

மின்னல் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஓடியது. கிடங்கின் நெட்டை ஆள் எகிறுகிறான், கை விரிகிறது, பந்து முழங்கைக்குக் கீழே பட்டுத் தெறிக்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. செயலாளர் அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், இப்போது சொல் என்பதுபோல.

"இது பெனால்டிதான்" என்றாள் அவள்.

நீலச் சட்டைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பேனர் துள்ளி எழுந்தான். "அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. கேட்டுக்குங்க சார்."

"முழுசாக் கேளுங்க. நான் நின்ன இடத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவுல ரெண்டு பேர் இருந்தாங்க, வீடியோலயே தெரியுது. அன்னைக்கு நான் பாக்கல. நான் கேட்டது சத்தம் மட்டும்தான். சத்தத்துக்கு ஊதியிருந்தா அன்னைக்கு உங்களுக்குச் சரியாப் போயிருக்கும். அடுத்த ஆட்டத்துல எவன் தொண்டை பெருசோ அவனுக்குத்தான் பெனால்டி. கண்ணு பாக்காததை ஊதினா நான் நடுவர் இல்ல. இது தப்பிப்போன பெனால்டி, ஒத்துக்கிறேன். ஆனா ஊதாததுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். வெயில் அடிச்சுதுன்னு பொய்யும் சொல்ல மாட்டேன்."

செயலாளரின் முகம் சுருங்கிப்போனது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "புருஷன் பக்கம் சாஞ்சுட்டாங்கன்னு பேர் வரக் கூடாதுன்னு எங்களைக் கவுத்துட்டாங்க. அதான் விஷயம்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காக்கிகளுக்கு நடுவிலிருந்து கணவன் எழுந்தான். மேடையேறிப் பழக்கமில்லாதவன்; முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவைகூட எனக்காக அவ எதையும் விட்டுக்கொடுத்ததில்லப்பா. சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட, வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் ஒத்துக்குவா. ஆனா எனக்கு எதிராவும் அவ ஒண்ணைக் கூட்டிச் சொன்னதில்ல. பாக்கலைன்னு சொன்னா பாக்கலதான். இதுக்கு மேல அதைப் பேசறவன் என்கிட்ட பேசட்டும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெல்லப் பரவியது. ஸ்பேனர் மட்டும் சிரிக்கவில்லை.

செயலாளரும் லீக் குழுவும் பக்கத்து அறைக்குப் போய் வெகுநேரம் பேசித் திரும்பினார்கள். நடுவர் பொய் சொல்ல மறுத்ததால் மறு ஆட்டத்துக்குக் காரணம் இல்லை, கோப்பை கிடங்குக்கே. பெனால்டியைத் தவறவிட்டதற்காக நடுவருக்கு அடுத்த பருவத்தில் பாதிவரை ஆட்டம் தரப்படாது. இந்தத் தண்டனையைச் சொல்லும்போது செயலாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"சரி" என்றாள் அவள். "மிச்சப் பாதிக்கு வரேன். அதுவரைக்கும் தினம் ஓடுவேன். கூப்பிடும்போது மூச்சு வாங்குதுன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

வெளியே வந்தபோது நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. ஓட்டுகிறவன் டிப்போ ஆள். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் கதவைத் திறந்தான். இருவரும் ஏறி நடுவில் உட்கார்ந்தார்கள். இரண்டு நிறுத்தம்வரை கணவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"இருந்தாலும்" என்று ஆரம்பித்தான். "அந்த முதலாவது இருக்கே, மின்னல் விழுந்தது. அது பெனால்டிதான்."

"இல்ல."

"கால் உரசுச்சு."

"எப்ப உரசுச்சு?"

"எப்ப உரசினா என்ன?"

முன் இருக்கையில் இருந்த வயதான பெண் திரும்பி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். மனைவி தன் பையிலிருந்து போனை எடுத்து, வீடியோவை ஆரம்பத்திலிருந்து போட்டு, கணவன் மடியில் வைத்தாள்.

"பாருங்க" என்றாள். "வீடு வர்ற வரைக்கும் பாருங்க."