பட்டாளத்துக் கோட்டா

காட்டாக்கடையில், அரசு சாராயக் கடையான பிவரேஜஸ் வரிசையில் கில்பர்ட் தலையில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வெயில் ஒன்றும் இல்லை. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போய், அங்கே இன்னொரு பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்ததே தெரிந்த முகம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்றுதான். ஆனால் நிற்பதை மறைக்க முடியவில்லை. மற்றவர்கள் கம்பியில் சாய்ந்தும், ஒரு காலை மடக்கியும், போனைப் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். அவர் மட்டும் முதுகு நிமிர்ந்து, முன்னால் நிற்பவனுக்கும் தனக்கும் ஒரு கை அளவு இடம் விட்டு நின்றார். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன் மிலிட்டரியாணோ?"

"எப்படித் தெரியும்?"

"நில்ப்பு கண்டால் அறியாம். பின்னே எந்தரு இவிட? நிங்ஙளுக்கு கேன்டீன் இல்லியோ?"

"கூட்டுக்காரனுக்கு வேண்டியாக்கும்" என்றார் கில்பர்ட். அவன் நம்பினானோ இல்லையோ, சிரித்துவிட்டு முன்னால் நகர்ந்தான்.

பட்டாளத்துக்காரருக்கு மாதக் கோட்டாவில் மலிவாகக் குப்பி தரும் கேன்டீன் இல்லாமல் இல்லை. கார்டுதான் இல்லை. அதுவும் அவராகச் செய்துகொண்ட வினை. ஆதார் கார்டை லேமினேட் செய்தார். ரேஷன் கார்டை, மனைவி ப்ளோரன்ஸின் மரணச் சான்றிதழை, வீட்டு வரி ரசீதைக்கூட செய்தார். பட்டாளத்தில் இருந்தவனுக்குக் காகிதம் என்றால் உயிர், மழையிலும் வியர்வையிலும் கெட்டுப்போகாமல் வைத்திருக்க வேண்டும். கேன்டீன் கார்டின் ஓரம் லேசாக உரிந்திருந்ததைப் பார்த்ததும் அதையும் ஜங்ஷனில் உள்ள போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோனார். கடைப் பெண் ஒன்றும் யோசிக்காமல் சூட்டு மிஷினுக்குள் தள்ளினாள். அடுத்த தடவை கேன்டீனில் கார்டு மிஷினுக்குள் நுழையவில்லை. கத்தரியால் ஓரத்தை வெட்டிவிட்டுச் செருகிப் பார்த்தார்கள். நுழைந்தது, ஆனால் மிஷின் ஒன்றும் வாசிக்கவில்லை. சிப் வெந்துபோயிருந்தது. கவுண்டரில் இருந்த ஆள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சேட்டா இதை அடுப்பில் வெச்சோ?" என்று கேட்டதும் பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. புதிய கார்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. போனில் மெசேஜ் வரும் என்றார்கள். ஓணம் போய், கிறிஸ்துமஸ் போய், மெசேஜ் வரவில்லை.

சோப்பும் பிஸ்கட்டும் மலிவாகக் கிடைக்காமல் போனதில் அவருக்கு வருத்தமில்லை. அந்த வரிசை போனதுதான் வருத்தம். அங்கே யாரும் பெயர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "நான் லே. எண்பத்தாறு" என்பான் ஒருவன். "நான் தேஸ்பூர்" என்பான் இன்னொருவன். ஊருக்கு வந்து இருபது வருடம் ஆனவனும், கடைசியாகக் குளிர்ந்து நடுங்கிய இடத்தின் பெயரைத்தான் தன் பெயராகச் சொல்வான். கில்பர்ட்டும் அங்கே கில்பர்ட் இல்லை, "ராஜௌரி". வெளியே வந்தால் "எக்ஸ் மிலிட்டரி". கண்ணாடிக் கடை, ரத்தம் பரிசோதிக்கும் லேப், டயர் கடை, எங்கே 'எக்ஸ் சர்வீஸ்மேனுக்குத் தள்ளுபடி' என்று போர்டு கண்டாலும் கார்டை மேசையில் வைத்து, "எக்ஸ் மிலிட்டரியாக்கும்" என்பார். பக்கத்தில் நிற்கும் ப்ளோரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெளியே வந்ததும் சொல்வாள்: "ஓய், எக்ஸ்னு சொன்னா தீந்து போச்சுன்னுதானே அர்த்தம். தீந்து போனதப் போய் இப்பிடி நெஞ்ச விரிச்சுச் சொல்லுதியளே." வேறு எப்படிச் சொல்வது? பொழியூர் கடற்கரையில் பிறந்து, பதினெட்டு வயதில் ரயில் ஏறி, திரும்பி வந்தபோது கடலும் தெரியாது, வலையும் தெரியாது. தம்பிமார்களின் வள்ளத்தில் ஏறினால் வாந்தி வந்தது. அதனால்தான் ப்ளோரன்ஸின் ஊரில், ரப்பருக்கு நடுவில் வீடு வைத்தது. இங்கே பட்டாளத்துக்கு முந்தின கதை ஒன்றும் அவருக்கு இல்லை. ஊர்க்காரர்களுக்கு அவர் பட்டாளம்; அவ்வளவுதான்.

ப்ளோரன்ஸ் போன பிறகு அந்த வீட்டுக்கு ஆள் வரும் வழி கேன்டீன் வழியாகத்தான் திறந்தது. மகள் ஜினி அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள், பாதியில் டியூட்டிக்கு ஓடுவாள். மற்றபடி சனிக்கிழமை சாயங்காலம் ஜெயச்சந்திரன் வருவார். கே.எஸ்.ஆர்.டி.சி. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கேன்டீன் விலையை கில்பர்ட்டிடம் கொடுத்து ஒரு குப்பி வாங்கிக்கொள்வார், அங்கேயே இருந்து இரண்டு கிளாஸ் குடிப்பார், இருட்டும் வரை பேசுவார். கில்பர்ட்டுக்கு சுகர், தொடுவதில்லை. கப்பைக்கிழங்கு அவித்து வைப்பார், எதிரே உட்கார்ந்து கேட்பார். முன்பு ரப்பர் வெட்டும் சோமனும் வருவான். ஒரு தடவை "இந்த மாசக் கோட்டா தீந்து போச்சு மக்கா" என்று சொன்னபோது, அவர் கொடுத்த கட்டன் சாயாவை சோமன் நின்றுகொண்டே குடித்தான். பிறகு அந்த மாதம் முழுக்க அவனைக் காணவில்லை. கார்டு வெந்த அன்று கில்பர்ட்டுக்கு முதலில் நினைவு வந்தது அந்த நின்றுகொண்டே குடித்த சாயாதான்.

அதனால்தான் ஓணத்திலிருந்தே இந்தக் காட்டாக்கடை.

வழக்கம்போல் வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைத் தாழிட்டு, அடுக்களையில் எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்துக் கழுவினார். பழைய கேன்டீன் குப்பிகள் சிலதைப் பத்திரமாக வைத்திருந்தார். 'பாதுகாப்புப் படையினருக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த லேபிள் கிழியாமல் இருந்தது. ஒன்றில் புதுச் சாராயத்தை ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. காலிக் குப்பியைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஐந்து மணிக்கு ஜெயச்சந்திரன் வந்தார்.

"அண்ணோ, இன்னிக்கும் மூடி பொட்டியிருக்கே?"

"நாந்தான் பொட்டிச்சேன். மணம் பிடிச்சுப் பாத்தேன்."

"சுகர்காரனுக்கு என்னத்துக்கு மணம்? இனி குப்பியப் பாத்தாலே சுகர் கூடும்னு டாக்டர் பறையப் போறாரு." அவர் ஒரு மடக்கு குடித்து நாக்கைச் சப்பினார். "என்ன இருந்தாலும் பட்டாளத்து சாதனத்துக்க ருசி வேறயாக்கும். பிவரேஜஸ் சாதனம் ரெண்டு கிளாஸ் உள்ள போனா மறுநா தல பொளந்துரும். இது பாத்தியளா, பால் போல இறங்குது."

"ஆமா, ஆமா" என்றார் கில்பர்ட். கப்பைக்கிழங்குக்கு மிளகாய்ச் சம்மந்தியை நகர்த்தி வைத்தார். அன்று ஜெயச்சந்திரன் பழைய கதை ஒன்றைச் சொன்னார், களியிக்காவிளை பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை வந்த கதை. பலமுறை கேட்டதுதான். கில்பர்ட் சரியான இடத்தில் சிரித்தார். அவருக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

மாசி மாதத்தில் ஜெயச்சந்திரன் சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில், மனைவி பிரேமகுமாரியோடு வந்தார். மகள் அனகாவுக்குக் கல்யாணம். பிரேமகுமாரி அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினாள். உறையின் மேல் 'எக்ஸ் மிலிட்டரி அண்ணன் & ஃபேமிலி' என்று எழுதியிருந்தது. கில்பர்ட் அதைப் படித்துவிட்டு, யாரோ கூட இருப்பதுபோல் ஒருமுறை உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் தலேநாளே, கல்யாணத்துக்கு மொத நாளே வந்து முன்னால நிக்கணும்" என்றாள் பிரேமகுமாரி. "எங்களுக்கு வேற ஆரு உண்டு?"

அவள் முற்றத்தில் இறங்கிய பிறகு ஜெயச்சந்திரன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணோ, தலேநாளு பயலுவளுக்கு ஒரு எட்டு பத்து குப்பி வேணும். அண்ணனுக்க கோட்டாவும், அங்க தெரிஞ்ச வேற ரெண்டு பேருக்க கோட்டாவும் சேத்து எடுத்துத் தரணும். பட்டாளம் நம்ம கைல இருக்கச்ச கடைல போய் நிக்கது கொறச்சிலில்லியா?"

சொல்லியிருக்கலாம். கார்டு கெட்டுப்போச்சு டே, புதுசு வரேல்ல என்று நான்கு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் 'முன்னால நிக்கணும்' என்ற சொல் இன்னும் அறையில் இருந்தது. "அதுக்கென்ன, எடுத்துரலாம்" என்றார்.

காட்டாக்கடைக்கு ஒரு நாள், பெருங்கடவிளை போகும் பஸ்ஸில் ஏறி வேறொரு கடைக்கு ஒரு நாள், திரும்பவும் காட்டாக்கடைக்கு. இத்தனை குப்பிக்கும் பழைய கேன்டீன் குப்பி இல்லை. மூடி பொட்டிய, சீல் உடைந்த குப்பியைக் கல்யாண வீட்டில் கொடுக்கவும் முடியாது. கடைக் குப்பி என்று காட்டிக்கொடுக்க, அரசு ஒட்டிய பளபளக்கும் ஸ்டிக்கர் ஒவ்வொரு குப்பியிலும் இருந்தது. கழுத்துவரை வெந்நீரில் நிறுத்தி, ஊறியதும் நகத்தால் சுரண்டினார். சிலது முழுதாக வந்தது, சிலது பிசினோடு பாதியாக நின்றது. பட்டாளத்தில் துப்பாக்கி துடைத்த அதே கவனத்தோடு துடைத்தார். கடைசிக் குப்பியைத் துடைத்து வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, இதை ப்ளோரன்ஸ் பார்த்தால் என்ன சொல்வாள் என்று தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கில்பர்ட் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போனார். பந்தலில் சீரியல் விளக்கு மாட்டியிருந்தார்கள். அவரைச் சமையல் அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தேங்காய் போதுமா, இலை வந்ததா என்று எல்லாரும் அவரிடம் கேட்டார்கள். "பட்டாளம் அண்ணன்கிட்ட கேளுங்க" என்று பிரேமகுமாரி உள்ளிருந்து கத்தினாள். அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால், வாழைகளுக்கு நடுவில், ஜெயச்சந்திரனின் மகன் அனூஜும் கூட்டுக்காரர்களும் குப்பிகளை எடுத்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்பு கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

"மிலிட்டரி அங்கிளே, கொஞ்சம் இஞ்ச வாருங்களேன்."

போனார். அனூஜ் ஒரு குப்பியை போன் வெளிச்சத்தில் பிடித்திருந்தான்.

"இதுல டிபென்ஸுன்னு எழுத்தைக் காணேல்லியே. ஸ்டிக்கர் இருந்த எடமும் சொரண்டி இருக்கு."

"அங்கிள் டூப்ளிகேட் மிலிட்டரி ஆயிட்டாரோ?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தான். "சொரண்டின சாதனத்தக் குடிக்காதீங்கடே. கள்ளச் சாராயமா இருந்தா கண்ணு போயிரும். கல்யாண வீடாக்கும்."

"கள்ளம் ஒண்ணும் இல்ல" என்றார் கில்பர்ட். "நல்ல சாதனம். காட்டாக்கடை பிவரேஜஸ்ல நானே நின்னு வாங்கினது."

"கடைல வாங்கினதுன்னா ஸ்டிக்கர என்னத்துக்கு அங்கிள் சொரண்டணும்?"

கில்பர்ட்டின் கைகள் தாமாக உடம்போடு ஒட்டி, அட்டென்ஷனில் நின்றன. சத்தம் கேட்டு ஜெயச்சந்திரன் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. ஜெயச்சந்திரன் குப்பியை வாங்கிப் பார்த்தார். சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிசின் ஒட்டியது.

"அண்ணனுக்க கார்டு?"

"ஓணத்துக்கு முன்னயே போச்சு டே."

ஜெயச்சந்திரன் எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதுபோல் நின்றார். ஓணத்திலிருந்து இன்றுவரை எத்தனை சனிக்கிழமை, எத்தனை குப்பி, பால் போல் இறங்கிய எத்தனை கிளாஸ். முகம் சிவந்தது. கோபமா என்று கில்பர்ட் பயந்தார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாயப் பொத்துலே" என்றார் மகனிடம். மூடியைத் திருகி, தண்ணீர் சேர்க்காமல் ஒரு கிளாஸ் ஊற்றி, அத்தனை பேர் பார்க்க ஒரே மடக்கில் குடித்தார். "நல்ல சாதனந்தான். குடிங்கடே." கில்பர்ட்டின் முகத்தைப் பார்க்காமல் பந்தலுக்குப் போய்விட்டார். மறுநாள் தாலிகட்டும்போதும், பந்தியிலும், விலகாமல் நெருங்காமல் ஒரு மரியாதை இருந்தது. பிரேமகுமாரி பாயசத்தை இரண்டாவது முறையும் ஊற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை கில்பர்ட் காட்டாக்கடைக்குப் போகவில்லை. கப்பைக்கிழங்கு அவிப்பதா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்து, கடைசியில் அவித்து, மூடி வைத்தார். ஐந்து மணி தாண்டியது. வானம் கறுத்து வந்தது. துணி எடுக்க வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெயச்சந்திரன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"பந்தல் அழிச்சாச்சா டே?"

"அழிச்சாச்சு."

"பிள்ள போன்ல விளிச்சாளா?"

"விளிச்சா. சுகமா இருக்கா."

"உள்ள கேறி வா."

"இல்லண்ணோ. ச்சும்மா இந்த வழி வந்தேன்."

இத்தனை வருடத்தில் அவர் சும்மா வந்ததில்லை. எப்படி வருவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது கில்பர்ட்டுக்குப் புரிந்தது. உள்ளே வந்தால் எங்கே உட்காருவது, கைகளில் எதைப் பிடித்துக்கொள்வது, எப்போது எழுந்து போவது. கில்பர்ட்டுக்கும் அது தெரியவில்லை. "கெழங்கு அவிச்சிருக்கேன்" என்று சொல்ல நினைத்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சட்டென்று மழை பிடித்தது, ரப்பர் இலைகளில் முதலில் சத்தமாகவும் பிறகு தரையிலும். ஜெயச்சந்திரன் கக்கத்தில் இருந்த குடையை விரித்தார். போகவில்லை. கேட்டின் கொண்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். மழையில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கில்பர்ட் வாசல் கூரை இறக்கத்தில் நின்றபடி "ஆமா, ஆமா" என்று கத்தினார். பிறகு தானும் ஏதோ சொன்னார். அங்கிருந்து குடை, தலையாட்டுவதுபோல், மேலும் கீழும் ஆடியது.