டப்பாவில் பத்து மாத்திரை

பதினாறு மாடி உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே தொல்லைதான். கிரேன் ஓட்டுகிற எவரைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். கூண்டுக்குள் ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு லீவர், ஒரு வாக்கி டாக்கி, காலடியில் கண்ணாடி, அவ்வளவுதான். ஒன்றுக்கு வந்தால் பாட்டில் இருக்கிறது. இரண்டுக்கு வந்தால் ஏணியில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கப் பத்து நிமிஷம், ஏறப் பதினைந்து நிமிஷம், நடுவில் ஆகிற காரியத்துக்கு ஆகிற நேரம் தனி. அதனால் அந்தத் தொழிலில் யாரும் காலையில் வயிறாரச் சாப்பிடுவதில்லை. தண்ணீரும் நாக்கு நனைகிற அளவுதான்.

நம்ம ஆளை சைட்டில் பருந்து என்பார்கள். பதினோரு வருஷமாக மேலேயே குடியிருந்ததால் வந்த பெயர். வலது கை சரக்கைத் தூக்கி இறக்கும், இடது கை கிரேனைத் திருப்பும். புதியவர்கள் முதலில் தூக்குவார்கள், நிறுத்துவார்கள், பிறகு திருப்புவார்கள். பருந்து கையில் சரக்கு தரையை விட்டுக் கிளம்பும்போதே திரும்பிக்கொண்டும் இருக்கும். கீழே நின்று அவனுக்கு சிக்னல் கொடுப்பவன் அவன் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வாக்கி டாக்கியில் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது சைட் இன்சார்ஜ் போட்ட சட்டம். ஆகவே ஆறு மணியிலிருந்து மாமா கிரேன் ஆகிவிடுவான், மச்சான் சிக்னல் ஆகிவிடுவான். எதைப் பேசினாலும் கடைசியில் 'சீக்கிரம்' என்று முடிப்பதால் அந்த இன்சார்ஜுக்கே சீக்கிரம் என்றுதான் பெயர்.

ஒரு சனிக்கிழமை கிரேன் வடத்துக்கு கிரீஸ் தடவும்போது, பிரிந்து நின்ற ஒரு கம்பி இழை பருந்தின் வலது கட்டைவிரல் அடியில் குத்திவிட்டது. வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தான். புதன்கிழமை கை பன் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டரம்மா கீறி, சீழை எடுத்து, கட்டுப் போட்டு, மாத்திரை எழுதினார்.

"மூணு வேளை, பத்து நாள். சாப்பிட்டதும் போடுங்க, தண்ணி நிறைய குடிங்க. இது சில பேருக்கு வயித்தப் பொரட்டும், வயித்தால போகும். ரொம்பப் போச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க, வேற மாத்தித் தர்றேன். நீங்களா மட்டும் நிறுத்தக் கூடாது. கை விஷயம்."

பருந்து தலையாட்டினான். கை விஷயம் என்பது அவனுக்குத் தெரியாததா? அந்தக் கையில்தான் வீடு ஓடுகிறது.

மறுநாள் லீவு. டாக்டரம்மா சொன்ன மாதிரியே வயிறு ஆடிவிட்டது. காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் ஏழு தடவை. வீடு என்பதால் சமாளித்துக்கொண்டான். மனைவி சலவைக் கடை வேலையை முடித்து வரும்போது ஒரு கிண்ணம் தயிர் வாங்கி வந்தாள்.

"மருந்து சூடு. தயிர் சாப்பிட்டா அடங்கிடும்."

அடங்கவில்லை. அடுத்த நாள் காலை ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு கிரேன் ஏறினான். ஒன்பதரைக்கு அடிவயிற்றில் ஒரு சுருட்டல். ஒரு கட்டு இரும்புக் கம்பியை எட்டாவது மாடியில் இறக்கி வைத்துவிட்டு, "கிரேன் இறங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உடம்பை இறுக்கிக்கொண்டு இறங்கிய அந்தப் பத்து நிமிஷத்தை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். கடைசி இரண்டு படியில் மானம் கொஞ்சம் போயும்விட்டது. தெரிந்தது அவனுக்கு மட்டும்தான். தகரக் கொட்டகை கக்கூஸில் பேண்ட்டை அலசி மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் சீக்கிரம் நின்றுகொண்டிருந்தான்.

"நாப்பது நிமிஷம் எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. உடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, கம்பெனில வேற ஆள் கேட்டு வாங்கறேன். சீக்கிரம் சொல்லுங்க."

வேற ஆள் என்ற வார்த்தை அவன் வயிற்றில் மாத்திரையைவிட மோசமாக வேலை செய்தது. இதே கிரேனில் அவனுக்கு முன்னால் இருந்தவர் முதுகு வலி என்று ஒரு வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தபோது நாற்காலியில் பருந்து உட்கார்ந்திருந்தான். அவர் இப்போது கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறார். தினமும் காலையில் பருந்துக்கு வணக்கம் சொல்கிறார். அந்த வணக்கத்தை நேராக வாங்கிக்கொள்ள அவனால் முடிந்ததே இல்லை.

"இப்ப சரியாயிடுச்சு சார்" என்றான்.

டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மனுஷன் தன் தொழில் புத்தியைக் கொண்டுதான் யோசிப்பான். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டான். மறுநாள் வெறும் வயிறு, ஒரு வாய்த் தண்ணீர், மாத்திரை. சாப்பிட்டதும் போடச் சொன்ன மருந்து காலி வயிற்றில் சும்மா இருக்குமா? மேலே ஏறி அரை மணிக்குள் குமட்டல் ஆரம்பித்தது. வாயில் தகரத்தை நக்கிய மாதிரி ஒரு ருசி. காலடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தரை சுற்றியது. பிளாஸ்டிக் பையில் மூன்று தடவை வாந்தி எடுத்தான். அன்றைக்கு அவனுக்குப் பயமாக இருந்தது, தன் உடம்பைப் பார்த்தே பயமாக இருந்தது.

அதற்குள் கை வலி குறைந்திருந்தது. வீக்கமும் பாதி வடிந்திருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. மருந்து தன் வேலையை முடித்துவிட்டது, இனி ராத்திரி ஒரு வேளை போதும் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். காலை மாத்திரையையும் மத்தியான மாத்திரையையும் மனைவி சாப்பாட்டு டப்பா மூடியில் காகிதத்தில் மடித்து வைப்பாள். மேலே போனதும் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வதாக அவளிடம் சொல்லியிருந்தான். ஏறியதும் இரண்டையும் காகிதத்தோடே எடுத்து, நட்டு போல்ட் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குள் போடுவான். தூக்கி எறிய மனசு வரவில்லை. எறிந்தால்தானே தப்பு, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்கு ஒரு சமாதானம்.

"இப்ப வயிறு எப்படி?" என்று கேட்டாள் மனைவி.

"பரவாயில்ல. போறதே இல்ல."

"பாத்தீங்களா, தயிர் கேட்டுது" என்று அவள் சந்தோஷப்பட்டாள். தினம் ஒரு கிண்ணம் வாங்கினாள். அவன் அதையும் சாப்பிட்டான். அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

நாலாம் நாள் கை மறுபடி கனத்தது. ஐந்தாம் நாள் விடியும்போது உடம்பு உதறியது. போர்வையை இழுத்துக்கொண்டு, பனி என்றான். கட்டுக்கு மேலே, மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டான். அன்றைக்கு மேல்மாடிக்கு கான்கிரீட் போடுகிற நாள். லாரிகள் வரிசை கட்டி நிற்கும், தொட்டி தொட்டியாக ஏற்ற வேண்டும், இருபது பேர் அதற்குக் கீழேயே நின்று வேலை செய்வார்கள். அன்றைக்கு லீவு கேட்டால் வேற ஆள் வந்துவிடுவான். இன்று ஒரு நாள் ஓட்டிவிட்டால் சாயங்காலம் டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஏறினான். ஏறும்போதே வலது கை சரியாகப் பிடிக்கவில்லை. கம்பியில் முழங்கையை மாட்டி மாட்டி ஏறினான். கூண்டில் உட்கார்ந்து அன்றைய இரண்டையும் டப்பாவில் போட்டான்.

முதல் ஆறு தொட்டி எப்படியோ போயிற்று. ஏழாவதில் வலது கட்டைவிரல் லீவரின்மேல் சும்மா கிடந்தது. அழுத்து என்றால் அழுத்தவில்லை. தொட்டி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டடி தள்ளி இறங்கியது. கம்பி கட்டுகிற இருவர் விலகி ஓடினார்கள்.

"கிரேன், என்ன பண்றீங்க? ஆளுங்க நிக்கிறாங்க" என்றது மச்சானின் குரல்.

"காத்து" என்றான் பருந்து.

அதன்பிறகு வலது லீவரையும் இடது கையாலேயே ஓட்டினான். இடது கையால் தூக்குவது, நிறுத்துவது, கையை எடுத்து அடுத்த லீவருக்குப் போவது, திருப்புவது. பத்திரமாகத்தான் செய்தான். நேரம்தான் இழுத்தது. லாரிகள் ஹாரன் அடித்தன. சீக்கிரம் தன் பெயரையே நாலு தடவை வாக்கி டாக்கியில் சொன்னான்.

மச்சான் மேலே பார்த்துக்கொண்டே நின்றான். ஆறு வருஷமாக அந்தக் கிரேனைப் பார்த்துப் பார்த்து, மாமாவும் அக்காவும் வீட்டில் சண்டை போட்ட நாள் எது என்பதைக்கூட அது திரும்புகிற தினுசில் சொல்லிவிடுவான். இன்றைக்குத் தூக்கல், நிறுத்தல், திருப்பல். எட்டாவது தொட்டியும் அப்படி. ஒன்பதாவதும் அப்படி. காற்றும் இல்லை.

"கிரேன், ஒத்தக் கையிலயா ஓட்டுறீங்க?"

சைட்டில் இருந்த அத்தனை வாக்கி டாக்கியும் கேட்டுக்கொண்டிருந்தன.

"கிரேன், வலது கை எங்க?"

கொக்கியில் காலித் தொட்டி. பருந்து அதை மெதுவாகக் கொண்டுபோய், ஆள் இல்லாத மணல் மேட்டில் வைத்தான். பூட்ட வேண்டியதைப் பூட்டினான். பிறகு வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தினான்.

"மச்சான்" என்றான்.

சட்டம் உடைந்த சத்தம் அது.

"மச்சான், நான் எறங்கணும். ஆனா எறங்க முடியாது. கை மூட மாட்டேங்குது. ஏணியப் புடிக்க முடியல."

வயிற்றுக்காக ஏணியில் இறங்கக் கூடாதென்று ஐந்து நாள் பாடுபட்டவன் சொன்ன வார்த்தை இது. சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து அழுதான்.

மச்சான் நடுவில் எங்கும் நிற்காமல் ஏறி வந்தான். மூச்சு வாங்கக் கூண்டுக் கதவைத் திறந்தவன் முதலில் கையைப் பார்த்தான், பிறகு சட்டையைச் சுருட்டிக் கோட்டைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைத் தேடும்போது தகர டப்பா உருண்டு மூடி திறந்துகொண்டது. நட்டு போல்ட்டுக்கு நடுவே மடித்த காகிதங்கள், பிரித்தால் வெள்ளையாக மாத்திரைகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"பத்து இருக்கு மாமா."

"வயித்தால போவுது மச்சான். இங்கேருந்து எங்க போறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நூறு தடவ எறங்குங்க, அந்த ஆள நான் பாத்துக்கறேன்." மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாமாவின் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டினான்.

இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மச்சான் ஒரு படி கீழே நின்று மாமாவின் காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி அடுத்த படியில் மாட்டுவான், "இப்ப விடுங்க" என்பான், பருந்து இடது கையை எடுப்பான். கீழே எல்லோரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படியில் கையை நீட்டித் தாங்கியவர் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறவர். வணக்கம் சொல்லவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். உள்ளே தசைநார் வரைக்கும் சீழ் போய்விட்டதாம். மறுநாள் காலையில் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். விரல் எவ்வளவு மடங்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும் என்றார்.

"எத்தன மாத்திரை போட்டீங்க?"

மச்சான் சட்டைப் பையிலிருந்து பத்தையும் காகிதத்தோடு எடுத்து மேஜைமேல் வைத்தான். சலவைக் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த மனைவி அதைப் பார்த்தாள். மடித்து வைத்த காகிதத்தின் மடிப்பெல்லாம் அவள் கை மடிப்பு.

"தயிர் கேட்டுதுன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

வார்டில் படுக்க வைத்து இடது கையில் டிரிப் ஏற்றினார்கள். வீரியமான மருந்து. வலது கையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வயிறு பழையபடி கலக்கியது. எழுந்திருக்க முடியாது, பேண்ட் நாடாவை அவிழ்க்க ஒரு கையும் கிடையாது. மனைவி திரையை இழுத்துவிட்டு, நாடாவை அவிழ்த்து, பேசினை இடுப்புக்கு அடியில் வைத்தாள். பருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இதுக்கா வெக்கப்பட்டீங்க?" என்றாள். துடைத்துவிட்டு நாடாவைக் கட்டினாள். அவளுக்குக் கோபம் இருந்தது, பயம் அதைவிட அதிகம்.

"நாளைக்கு சரியாயிடும்" என்றான் அவன்.

அவள் கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் தன் சுட்டுவிரலை வைத்தாள். அவன் அதைப் பிடித்தான். இருக்கிற பலத்தையெல்லாம் தோளிலிருந்து திரட்டிக் கொண்டுவந்து, நெற்றி வேர்க்க, விடாமல் இறுக்கிப் பிடித்தான்.

"ம், வச்சிட்டேன்" என்றாள் அவள், இன்னும் காத்துக்கொண்டே. "இப்ப புடிங்க."