ஒரு துளை மேலே

தப்பு என்னுடையது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடலியல் பல்கலைக்கழகத்தின் படகுத்துறையில் நான்தான் மெக்கானிக். கடல்மட்டம் பார்க்கும் அளவுக்கம்பை போன வருஷம் பெயின்ட் அடிக்கக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது கீழ்த்துளை துருப்பிடித்து முரண்டு பிடித்தது. ஒரு துளை மேலே ஏற்றி முடுக்கினேன். பதிவேட்டில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று போனவன், சுத்தமாக மறந்துபோனேன்.

அந்தக் கம்பைப் பார்த்துத்தான் ஆராய்ச்சி மாணவி வருஷம் முழுக்கக் குறிப்பெடுத்தாள். ஓயாமல் துளைத்தெடுப்பாள் என்பதால் அவளைக் 'கேள்வித்தாள்' என்போம். புயல் அடித்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டாள். கோட்டுக்குள் வரும் வீடுகளை இடித்துவிட்டு மேட்டுப் பக்கம் குடியேற வேண்டும். அவளுடைய அக்காவும் மாமாவும் தாங்களே கல் சுமந்து கட்டிய வீடு மயிரிழையில் தப்பியிருந்தது.

வரைபடத்தைத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பும் நாள் காலை, கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வந்தாள். உயரக் குறியாகச் சிமென்டில் பதித்த பித்தளைக் குமிழிலிருந்து கம்புவரை டேப் பிடித்தாள். மறுபடியும் பிடித்தாள்.

"அண்ணே, இதைக் கழட்டினீங்களா?"

"ஒரு துளை மேல மாட்டினேன்மா."

"நாப்பது சென்டிமீட்டர், அண்ணே."

கம்பு மேலே போனால் கடல் தாழ்ந்து தெரியும். நிஜக் கடல் நாங்கள் எழுதியதைவிட அவ்வளவு உயரம். அவள் திட்டவே இல்லை, திட்டியிருந்தால் தேவலை.

நானும் அவள் பின்னாலேயே போனேன். வரைபட அறையில் அக்கா, இடுப்பில் கைக்குழந்தையுடன், தன் வீட்டின் மேல் விரல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குத்தான்."

அப்படியே அமுக்கிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா விரலைச் சிவப்புக் கோட்டுக்கு நகர்த்தினாள். "தண்ணி வந்தா வீட்டுக்குள்ள எவ்வளவு நிக்கும்?"

"முட்டியளவு, அக்கா."

"யாரு முட்டி?"

"உன் முட்டி."

அக்கா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். கண் நிறைந்துவிட்டது.

"இவ இன்னும் எழுந்து நிக்கவே ஆரம்பிக்கலடி," என்றாள். "கோட்டை மாத்திப் போடு."