இருநூற்றைம்பது சுற்று

மார்ச் 12, செவ்வாய். காயிலுக்குக் கம்பி சுற்றும்போது எண்ணியதில் அண்ணிதான் பிசகிவிட்டாள் என்று நேற்று சொல்லிவிட்டேன். பிசகியது நான்.

நோட்டில் இதை எழுதியதும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது.

பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் ரேடியோ வகுப்பு. வியாழனன்று ஒரு மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் மின்சுற்று ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். காயிலின் மதிப்பையும் கெப்பாசிட்டரின் மதிப்பையும் பெருக்கி வரும் தொகை சரியாக இருந்தால் சூத்திரத்துக்குப் போதும். ஒன்று குறைந்தால் மற்றதைக் கூட்டிக்கொள்ளலாம்; காயிலின் மதிப்பு சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். டப்பாவில் கைக்கு அகப்பட்டது பத்து பைகோஃபாரட் கெப்பாசிட்டர். அதற்குத் தோதான காயிலுக்கு இருநூற்றைம்பது சுற்று. ஞாயிறு மதியம் முழுக்க அண்ணிதான் உட்கார்ந்து, மயிரிழைக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்றிக் கொடுத்தாள்.

திங்களன்று வகுப்பில் அளந்தால், ஆயிரம் கிலோஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் அறுநூற்றுச் சொச்சம். கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். எப்போதும் தன்னையே சந்தேகப்படுகிறவள், அன்றைக்கென்று பார்த்து அலுத்துப்போய், வீட்டுக்கு வந்து அண்ணியைச் சொன்னாள்.  அண்ணி வைத்த தட்டு கொஞ்சம் சத்தத்தோடு வந்து உட்கார்ந்தது. 

இன்று வகுப்பில், பக்கத்து மேசையில் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக் அவளுடைய அலைகாட்டியின் (ஆசிலோஸ்கோப்) அளவுமுனையை இரவல் வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார். அதை வைத்ததும் முந்நூறு. காயில் அதே காயில், தொட்ட முனைதான் வேறு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முனைக்கும் அதன் ஒயருக்கும் சொந்தமாகவே சில பைகோஃபாரட் உண்டு. அளக்கும்போது அவளுடைய அற்பப் பத்தோடு அதுவும் போய் ஒட்டிக்கொள்கிறது. பத்துக்குப் பதில் ஆயிரம் வைத்திருந்தால், நேற்றைய முனை கடலில் கரைத்த பெருங்காயமாகியிருக்கும்.

நோட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"அண்ணி, நீங்க எண்ணினது சரிதான். நான்தான் கெப்பாசிட்டரை ரொம்பச் சின்னதா எடுத்துட்டேன். உங்களைச் சொன்னது தப்பு."

அண்ணி திரும்பவில்லை. "இப்ப எத்தனை சுத்தணும்?"

"இருபத்தஞ்சு."

கரண்டி நின்றது. "இருபத்தஞ்சுல முடியிற வேலைக்கா என்னை இருநூத்தம்பது சுத்த வெச்ச?"

"ஆமா."

"நல்லா வருவடி நீ," என்றாள் அண்ணி. உதட்டை எவ்வளவு இறுக்கியும் சிரிப்பு கன்னத்துக்கு ஏறிவிட்டது. "இந்தத் தடவை நீ சுத்து, நான் எண்றேன். பிசகினா யாரைச் சொல்றேன்னு பாரு."

அன்று அண்ணியிடம் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு நோட்டைத் திறந்து, கீழே எழுதினாள்:

நாளை: மதிய இடைவேளையில் ஆயிரம் பைகோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு வாங்க வேண்டும். வகுப்புக்குக் கிளம்புமுன் பழைய காயிலைப் பிரித்து, இருபத்தைந்து சுற்று சுற்ற வேண்டும்.