பேட்டரியின் முழங்கால்

வாலிபால் மைதானத்தில் அவளை எல்லோரும் பேட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சியாளர் அவளுடைய அப்பாவேதான். அண்ணனுக்கு என்ன பயிற்சியோ அதுதான் அவளுக்கும். "பொண்ணுன்னு நான் ஒருநாளும் குறைச்சதில்ல" என்று அப்பா மார்தட்டிக்கொள்வார். அதில் அவளுக்கும் கர்வம் உண்டு.

அண்ணன் குதித்துக் குதித்துத் தொடை துவண்டு உட்கார்ந்துவிடுவான். அவனுக்கு ஓய்வு கிடைக்கும். அவளோ நின்றபாடில்லை. "பாருடா, உன் தங்கச்சிக்கு மூச்சுகூட வாங்கல" என்று அப்பா அவனைச் சீண்டுவார். அதைக் கேட்டு அவள் இன்னும் உயர எம்புவாள். இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்வதை யாரும் கவனிக்கவில்லை. உட்காராதவளை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

அரையிறுதி ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடித்துவிட்டு இறங்கினாள். யாரும் இடிக்கவில்லை, தரையும் வழுக்கவில்லை. வலது முழங்காலுக்குள் 'டப்' என்று ஏதோ அறுந்தது.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "குதிக்கிற விளையாட்டுல பசங்களைவிட பொண்ணுங்களுக்குத்தான் இது அதிகமா கிழியுது, சார்."

"இவ சோர்ந்துபோற ஆளே இல்லையே, டாக்டர்."

"நிறைய பொண்ணுங்களுக்குத் தசை மெதுவாத்தான் சோரும். அதுக்காக சோராமலே இருக்குமா? எப்படி இறங்கணும்னு தனியா பழக்கணும். இடுப்புக்கும் தொடையோட பின்பக்கத்துக்கும் பலம் ஏத்தணும். அண்ணனுக்குக் குடுக்கறதையே இவளுக்கும் குடுத்தா எப்படி?"

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. வெளியே வந்ததும், "பொண்ணுன்னா மட்டம்னு சொல்லாம சொல்றாங்க" என்று பொருமினார். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தனிப் பயிற்சி என்றால் சலுகை என்றுதான் அவளும் நினைத்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலை விட்டு, மறுபடி ஓடவே மாதக்கணக்கானது. அப்பா பழைய பயிற்சியையே கொடுத்தார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்தார். அடுத்த போட்டிப் பருவத்தில் இடது காலும் அதே மாதிரி போனது. இந்த முறை ஜவ்வோடு குருத்தெலும்பும் சிதைந்திருந்தது.

"விளையாட்டை மறந்துடும்மா" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் பெரிய அணியில் சேர்ந்து வெளியூர் போனான். போகிற அன்று அவளுடைய கண்ணைப் பார்க்காமலேயே, "வரேன்டி" என்றான். அவள் ஒரு அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலைக்குப் போனாள். இருபத்து மூன்று வயதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித்தான் படி இறங்க முடிந்தது.

ஒரு சாயங்காலம் மைதானத்துக்குப் போனாள். பையன்கள் வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சிறுமி மட்டும் வலையோரம் குதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவளுடைய இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

"அப்பா, அவளை நிறுத்துங்க. முட்டி உள்ள போகுது பாருங்க."

"நீ எதுக்கும்மா பச்சப்புள்ள மனசுல பயத்தைப் போடற?" அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "உனக்கு நடந்தது நம்ம நேரம். எல்லாருக்குமா நடக்கும்?"

அவள் சிறுமியிடமே போய்ச் சொன்னாள். சிறுமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பயிற்சியாளர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் விசிலை வாயில் வைத்தார். சிறுமி வலைக்கு ஓடினாள்.