முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்

லண்டனில் ஒரு தமிழனைத் தியேட்டருக்குள் கொண்டுவர அவன் வீட்டுக் கதவைத் தட்டத் தேவையில்லை, அந்தக் காலம் ஃபேஸ்புக் வந்த 2004-ஓடு முடிந்துவிட்டது என்று ஓர் ஆவணப்படத்துக்கு ஆள் சேர்க்க வந்திருந்த தர்சிகன் அறிவித்தான். நான்கு வருடத்துக்குள் உலகமே மாறிவிட்டதாம். பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் இரண்டாம் வருடம் படித்தான். முதல் வருடம் தேறியிருந்ததால் பேச்சில் ஒரு கனம் இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜதுர்ஷிகா. சான்ட்விச் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தமிழ், சோமாலிப் பெண்களை நான்கு வருடம் படம்பிடித்தவள். அதற்காக ஒபிஸ் வேலையையும் விட்டவள். படத்தை ஒரு தொலைக்காட்சியும் வாங்கவில்லை. கடைசியில் ஈலிங் பக்கம் ஒரு சின்னத் தியேட்டர் ஞாயிறு பகல் இரண்டு மணிக் காட்சியைக் கொடுத்தது. நூற்றிருபது இருக்கையில் எண்பது நிறைந்தால் படம் ஒரு வாரம் ஓடும். நிறையாவிட்டால் கசெட்டைப் பெட்டியில் போட்டு மூடவேண்டியதுதான்.

படத்தில் வெங்காயம் வெட்டியபடி பேசுகிற யோகமலர், வீடு வீடாகப் போய்ச் சொல்லுவோம் என்றாள். பூப்புனித விழாவுக்குச் சொல்லப் போவதுபோல் தங்கக்கரை போட்ட அழைப்பு அட்டை, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள்.

"அன்ரி, படத்துக்குச் சாமத்தியவீடே செய்யப்போறம்?" என்றான் தர்சிகன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஒரு வீட்டில் சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி குடித்து, ஊரில் எவடம் என்று விசாரித்து முடிய முக்கால் மணித்தியாலம். அதற்குள் ஃபேஸ்புக்கிலும் ஈமெயிலிலும் தான் மூவாயிரம் பேரை எட்டிவிடுவதாகக் கணக்குச் சொன்னான். யோகமலர் ஷிப்ட் முடிந்த பின்னேரங்களில் பையோடு போய்வந்தாள். சோமாலித் தோழிகளின் வீட்டுக்கும் அதே அட்டைதான். சிமிழை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தர்சிகன் பார்வையாளர்களை ஐந்து நிறமாகப் பிரித்தான். யாழ்ப்பாணத்தார் சிவப்பு, மலேசியத் தமிழர் மஞ்சள், சோமாலியர் பச்சை, மாணவர் நீலம். தீவிர ஆவணப்பட ரசிகர் என்ற ஊதாவுக்குள் அவனுடைய விரிவுரையாளர் மட்டும் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை, ஃபேஸ்புக்கில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் 'வருகிறேன்' என்று அழுத்தியிருந்தார்கள்.

மத்தியானம் தியேட்டருக்குப் போன் எடுத்தான். பதிவானது முப்பத்தொரு இருக்கை. பெயர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். இருபத்தொன்பது பேர் யோகமலர் படியேறிய வீட்டார். அவனுடைய முன்னூற்றுப் பன்னிரண்டில் இரண்டு பேர்; அதில் ஒருவன் அவன்.

உடனே மஞ்சளில் முதல் பெயரான ஹரீஷை அழைத்தான்.

"ஆமா, அமுக்கினேன். ஒரு சப்போர்ட்டுக்குத்தானே," என்றான் ஹரீஷ். "வரணுமா என்ன?"

அடுத்து சிவப்பில், தென் லண்டன் மோர்டனில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா. மளிகைக்கடைக்காரர், அவர் கிளம்பினால் பின்னால் நாலு குடும்பம் கிளம்பும்.

"கண்டனான் தம்பி, மகள் கொம்பியூட்டரில காட்டினவள். ஆனா ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே. சொல்லாத இடத்துக்கு எப்பிடி வாறது?"

பின்னேரம் ஜதுர்ஷிகாவின் வீட்டுக்குப் போனபோது அவள் யோகமலரோடு பேசி முடித்துப் போனை வைத்தாள். யோகமலருக்குத் திடீரென்று சனிக்கிழமை ஷிப்ட் போட்டுவிட்டார்களாம். மறுத்தால் வேலை போய்விடும். இன்னும் இருபத்திரண்டு வீடு மிச்சம். தியேட்டரில் ஒலி சரிபார்க்க ஜதுர்ஷிகா நாள் முழுக்க அங்கே நிற்கவேண்டும். முதல்நாள் யோகமலர் விட்டுப்போன பை, விலாசப் பட்டியலோடு கதிரையில் கிடந்தது.

எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். போக்கு மேல்நோக்கி இருக்கிறது என்றான்.

"எத்தினை பேர் தம்பி?"

"முப்பத்தொண்டு."

அவள் பையைப் பார்த்தாள். "எண்பது வராட்டி திங்கட்கிழமை பழைய ஒபிஸுக்குப் போன் எடுப்பன். திருப்பி வேலைக்கு எடுப்பினமோ தெரியாது."

நினைவூட்டி இன்னொரு ஈமெயில் அனுப்பலாம் என்று சொல்ல வாயெடுத்தான். கண் பைமேல் விழுந்தது. அவள் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். திரும்பி வந்தபோது கதிரையும் காலி, அவனும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோர்டனில் ஒரு கதவு திறந்தது. இடுப்பில் சாரத்தோடு ஸ்ரீஸ்கந்தராஜா.

தர்சிகன் சிமிழை நீட்டினான். பிறகு அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தான்.

"ஐயா, நாளைக்கு ரெண்டு மணிக்கு. குடும்பமாக் கட்டாயம் வரவேணும்."

அவர் அட்டையை வாசித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றான். இன்னும் இருபத்தொரு வீடு.

"உள்ள வாரும் தம்பி," என்றார் அவர். "அப்பா ஊரில எவடம்?"

தர்சிகன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.